ஐந்து டிகிரி அறை

சுவரில் மாட்டியிருந்த சின்னப் பெட்டியில் இரண்டு எண்கள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. மேலே இருந்தது அறையின் சூடு. கீழே இருந்தது மேஜைமேல் கிடந்தவரின் சூடு. அவருடைய அக்குளில் செருகிய ஒயர் போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து அந்தப் பெட்டியில் போய்ச் சேர்ந்தது. மேலே ஐந்து. கீழே ஏழு.

இன்ஸ்பெக்டர் அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பெரிய படிப்பெல்லாம் படித்திருக்க வேண்டியதில்லை, யாருக்கும் புரிகிற விஷயம்தான். பனியில் உறைந்த உடம்பை ஐந்து டிகிரி அறையில் போட்டு வைத்தால், அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஐந்துக்கு வந்து நிற்கும். நேற்று மாலையே அது ஐந்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் ஏற அதற்கு வழியே கிடையாது. ஃப்ரிட்ஜில் வைத்த பால் ஃப்ரிட்ஜை விடச் சூடாக இருந்தால், ஒன்று மீட்டர் கெட்டிருக்க வேண்டும், இல்லையென்றால்... அந்த 'இல்லையென்றால்' என்பதை அவள் முடிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ரிஜிஸ்தரைத் திறந்து, பகல் பதினொரு மணிக்கு நேரே 'ஐந்து' என்று எழுதினாள். பேனா கையில் இருப்பதே தெரியவில்லை. விரல்கள் அவ்வளவு மரத்திருந்தன.

விரல் மட்டுமா? மூன்று நாளாக அவளுக்கு எல்லாமே மரத்துப்போய்த்தான் இருந்தது. சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை. படுத்தாள், தூக்கம் வந்ததா என்று தெரியவில்லை. பயம், வருத்தம், வெட்கம் எல்லாம் எங்கோ பக்கத்து வீட்டில் நடக்கிற சண்டையைப் போலச் சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்தன. கதவைத் திறந்து அந்தப் பக்கம் போக அவளுக்கு இஷ்டமில்லை.

ஊர் வடகோடியில் இருந்தது. இங்கே குளிர்காலத்துச் சூரியனும் அரசாங்க ஆபீசும் ஒன்று: பதினொரு மணிக்கு வந்து தலையைக் காட்டிவிட்டு ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடும். மீதி நேரம் தெருவிளக்கும் பனியும்தான். ஆஸ்பத்திரி உண்டு, அதில் ஒரு நர்ஸ் உண்டு, பிணவறை கிடையாது. ஆகவே சந்தேகச் சாவு என்று வந்தால், போலீஸ் ஸ்டேஷனின் பின்கட்டில் பறிமுதல் சாமான்கள் போட்டு வைக்கும் அறையைக் காலி செய்து கொடுப்பார்கள். இரும்பு மேஜை ஒன்று, ஸ்டூல் ஒன்று, கம்பி போட்ட ஜன்னல் ஒன்று, முற்றத்துக்குத் திறக்கும் பின்கதவு ஒன்று. பழைய மீன்வலைகளின் வாடை சுவரோடு ஊறிப்போயிருந்தது. பிரேதப் பரிசோதனை செய்கிற டாக்டர் நகரத்திலிருந்து விமானத்தில் வர வேண்டும். புயல் விடவில்லை. மூன்று நாளாக அவர் போனில்தான் இருந்தார்.

"கை காலைப் பிடிச்சு இழுக்காதீங்க," என்று முதல் நாளே சொல்லியிருந்தார். "ஹீட்டர் பக்கத்துல வைக்காதீங்க. வெளிய கெட்டுப்போயிடும், உள்ள கல்லாட்டம் இருக்கும், நான் வந்து ஒண்ணும் பண்ண முடியாது. அஞ்சு டிகிரில வச்சிருங்க, தானா இளகட்டும். மணிக்கு ஒரு தரம் சூடு எவ்வளவுன்னு எழுதுங்க. ஆள் இல்லாம விடாதீங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆஸ்பத்திரில சூடேத்திப் பாத்தீங்கல்ல?" என்று கேட்டார்.

"பாத்தாச்சு டாக்டர்."

இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விதி அது. ஆஸ்பத்திரி வாசலிலேயே எழுதி மாட்டியிருக்கிறார்கள்: குளிரில் கிடைத்தவரைச் சூடேற்றிப் பார்க்காமல் இறந்தவராக அறிவிக்கக் கூடாது. மூச்சில்லை, நாடியில்லை, விறைத்துக் கட்டையாகக் கிடக்கிறார் என்றாலும் கம்பளியைச் சுற்றிக் கொண்டுபோய் வெதுவெதுப்பாக்கி, அப்புறம்தான் பேச்சு. ஏரியில் விழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்த சிறுமி ஒருத்தி, மறுநாள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்று கேட்ட ஊர் இது. இப்போது அவளுக்கு இரண்டு குழந்தைகள், கடைத்தெருவில் பார்க்கலாம்.

இன்ஸ்பெக்டர் சூடேற்றிப் பார்க்கவில்லை. டாக்டரிடம் பார்த்தாச்சு என்றாள். நர்ஸிடம், சூடேற்றத் தேவையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றாள். ஒரே பொய்யை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும்வரை அது தாங்கும்.

மேஜைமேல் கிடந்தவர் பள்ளிக்கூடத்து பாய்லர்காரர். தினமும் விடியற்காலையில் ஏரிக்கரைச் சாலை வழியாக இரண்டு மைல் நடந்து போய் அவர் பாய்லரை மூட்டினால்தான், எட்டு மணிக்குப் பிள்ளைகள் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார முடியும். மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகள் அதற்காகக் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு வீட்டில் ஆள் இல்லை, கேட்டு வர உறவும் இல்லை.

அவரை இடித்தவன் அவளுடைய தம்பி.

நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். அன்று விடியற்காலை ஐந்தரைக்கு அவளுக்குத்தான் போன் செய்தான். குரலே அவன் எவ்வளவு குடித்திருக்கிறான் என்று சொல்லிவிட்டது. "அக்கா, ஒருத்தர இடிச்சிட்டேன். இடுப்புல பட்டிருக்கு. பேசுறாருக்கா. ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்றான். "யாரையும் கூப்பிடாத. நீ வீட்டுக்கு வா. நான் பாத்துக்கறேன்," என்றாள். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் அவனிடம் சொல்லி வந்திருக்கிறாள். பரீட்சையில் தோற்றபோதும், கண்ணாடியை உடைத்தபோதும், போன வருஷம் குடித்துவிட்டு மின்கம்பத்தில் மோதியபோதும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்த்துக்கொண்டாள். அவனைப் படுக்க வைத்தாள். வண்டியின் முன்பலகையை வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். அவன் கோட்டைத் தன் அலமாரியில் பூட்டினாள். அதெல்லாம் முடித்து அவள் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. பாய்லர்காரர் ஒரு மரத்தில் சாய்ந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். இமையில் பனி. கையுறையைக் கழற்றி அவர் கழுத்தில் விரல் வைத்தாள். துடித்ததா, துடிக்கவில்லையா, அவளால் சொல்ல முடியவில்லை. அந்தக் குளிரில் அவள் விரலே அவளுடையதாக இல்லை. அப்போதுதான் அவருடைய மூடிய கையிலிருந்து மஞ்சளாக ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். நகராட்சிக் கோட்டில் தைத்திருக்கும் பட்டை. வெளிச்சம் பட்டால் மின்னும். ஆளுக்கு ஒரு நம்பர் அதில் அச்சிட்டிருக்கும்.

இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கை கல்லாக இருந்தது. விரலை உடைத்தால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். வயர்லெஸ்ஸை எடுத்து, "ஆள் இறந்துட்டார்," என்றாள்.

அதனால்தான் மூன்று நாளாக, தான் உட்கார்ந்து எண் எழுத வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பெரிய அதிகாரி, இந்த அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். விரல் இளக வேண்டும். பட்டை வெளியே வர வேண்டும். டாக்டர் வந்து இறங்குவதற்குள். வழக்கை விசாரிக்கிறவளும் அவள்தான், மறைக்கிறவளும் அவள்தான், எனவே வேலை தடங்கல் இல்லாமல் நடந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கீழே இருந்த எண் ஒன்பது.

'ஐந்து' என்று எழுதினாள்.

காப்பியோடு ஏட்டு வந்தார். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதத்தையும் காப்பியிலேயே கரைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தவர். ஃப்ளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"பரவால்லையே மேடம், ரெண்டு நாளா முட்டி ரெண்டும் கூடாரம் போட்டாப்ல நின்னுச்சு. இப்ப சமத்தாப் படுத்துட்டாரு."

அது உண்மைதான். உட்கார்ந்தபடியே உறைந்தவரை மல்லாத்திப் போட்டபோது முழங்கால்கள் அந்தரத்தில் நின்றன. போர்த்திய வெள்ளைத் துணி அதன்மேல் கூடாரமாக நின்றது. இளக இளக அது சாய்ந்து, இன்று காலை தட்டையாகிவிட்டது.

"நீங்க போய் ஒரு வாய் சாப்பிட்டு வாங்க மேடம். முகத்தப் பாத்தா அவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரியல," என்றார் ஏட்டு. வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். அவளுக்கு அதுவும் வரவில்லை.

எதிர்க் கடையில் சூப்பை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் ஆவி அடங்கும்வரை பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே சூரியன் தன் கடமையை முடித்துக்கொண்டு போய்விட்டது. தெருவிளக்குகள் எரிந்தன. ஏட்டு அறைக்கு வெளியே தாழ்வாரத்தில், ரேடியேட்டரை அணைத்தாற்போல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள இல்லையா அண்ணே?"

"உள்ள யாரால மேடம் முடியும்? நீங்க போனதும் கதவச் சாத்திட்டு இங்கதான் இருக்கேன். எங்க ஓடிடப் போறாரு?"

அவள் கதவைத் திறந்தாள். விளக்குப் போடுவதற்கு முன்னால் அவள் கண்ணில் பட்டது ஜன்னல். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் கம்பிகளின் வழியாக விழ வேண்டிய இடத்தில், கண்ணாடி முழுவதும் வெள்ளையாக, உட்பக்கமாக, ஆவி படிந்திருந்தது. காலையில் அவள் உட்கார்ந்திருந்தபோதும் கொஞ்சம் படிந்ததுதான்; ஆள் இருக்கிற அறையில் ஜன்னல் அப்படித்தான் இருக்கும். போகும்போது அவளே தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் கிட்டே போய் விரலால் தொட்டாள். ஈரம். புதிது. ஒரு மணி நேரமாக ஆளே இல்லாத அறை.

பெட்டியில் பதினான்கு.

மேஜை டிராயரில் இன்னொரு மீட்டர் இருந்தது. பின்கதவைத் திறந்து முற்றத்துப் பனியில் அதைச் செருகினாள். மைனஸ் இருபத்தாறு. தன் வாய்க்குள் வைத்தாள். முப்பத்தாறு. மீட்டர் சரியாகத்தான் இருந்தது. உள்ளே வந்து துணியை ஓரமாகத் தூக்கி, பாய்லர்காரரின் மறு அக்குளில் வைத்தாள். கம்பளிச் சட்டை நனைந்து கனத்திருந்தது. மூன்று நாளான பிணத்தின் வாடை வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது வரவில்லை. ஈரக் கம்பளி, கரிப்புகை, அதற்கடியில் மெலிதாக இன்னொன்று. பஸ்ஸில் நெருக்கி நிற்கும்போது வருமே, அது. வியர்வை.

பதினாறு.

துணியை மூடிவிட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் எப்படி ஆரம்பிக்கும் என்றுதான் மறந்துவிட்டது.

இரண்டரைக்கு டாக்டர் போன் செய்தார். "வானம் தெளிஞ்சிடுச்சும்மா. நாலு மணிக்கு இறங்கிடுவோம். வண்டி அனுப்பிடுங்க. எண் எல்லாம் எப்படி இருக்கு?"

"அஞ்சு டாக்டர். நேத்துலேர்ந்து அஞ்சுதான்."

"சபாஷ். அப்படியே வச்சிருங்க."

ஏட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு விமான ஓடுபாதைக்குக் கிளம்பினார். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஸ்டேஷனில் வேறு யாரும் இல்லை. மற்ற இரண்டு காவலர்களும் சாலையில் சிக்கிய லாரியை மீட்கப் போயிருந்தார்கள். ஜீப்பின் சத்தம் தேய்ந்து மறைந்ததும் கட்டடம் முழுவதும் அடங்கியது. ரேடியேட்டர் குழாய் எங்கோ ஒரு தரம் கணீரென்றது. மேஜையின் விளிம்பிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகக் கேட்டுப் பழகிய சத்தம். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே வேறு ஏதோ ஒன்று இருந்தது. அதைக் கேட்பதற்குள் போன் அடித்தது.

தம்பி.

"அக்கா, எனக்குத் தூக்கமே வரலக்கா. டாக்டர் வர்றாராமே. நானே போய்ச் சொல்லிடட்டுமா?"

"வாயத் தொறந்த, தொலைஞ்ச. பேசாம வீட்ல இரு."

"நான் வண்டில ஏறப் போனப்போ என் கோட்டப் புடிச்சிக்கிட்டாருக்கா. விடவே மாட்டேன்னுட்டாரு. பயப்படாதீங்க, எங்க அக்கா வருவாங்க, போலீஸ்ல இருக்காங்க, அவங்க பாத்துப்பாங்கன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டினாரு. அப்புறம்தான் கோட்டப் பிடுங்கிக்கிட்டு வந்தேன்." அவன் அழுதுகொண்டிருந்தான். "நீ போறதுக்குள்ள போயிட்டாரு, இல்லக்கா? சூடேத்திப் பாத்தாங்கதானே?"

"பாத்தாங்க."

"சத்தியமா?"

"பாத்தாங்கடா. போனை வை."

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். இருபத்துநான்கு.

இனிப் பொறுக்க நேரமில்லை. துணியை ஓரத்தில் விலக்கி, மூடிய கையை மட்டும் வெளியே எடுத்தாள். நேற்றுக் கட்டைவிரல் இளகியிருந்தது. இன்று சுட்டுவிரலும் நடுவிரலும். பட்டை பாதிக்கு மேல் தெரிந்தது. நம்பரில் முதல் இரண்டு இலக்கமும் தெரிந்தன. இடுக்கியால் நுனியைப் பிடித்து, மெள்ள, காயத்திலிருந்து துணியை எடுக்கிற பக்குவத்தோடு இழுத்தாள். ஒரு விரற்கடை வந்தது. இன்னும் ஒன்று.

கை மூடிக்கொண்டது.

இடுக்கி தரையில் விழுந்து உருண்டது. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். நரம்பு. நரம்புதான் அது. இளகும்போது நரம்பு சுருங்கும். எங்கோ படித்திருக்கிறாள். எங்கேயும் படிக்கவில்லை. குனிந்து இடுக்கியை எடுத்தாள். நிமிர்ந்தாள்.

கூடாரம் நின்றுகொண்டிருந்தது.

முழங்கால்கள் இரண்டும் மேலே ஏறியிருந்தன. துணி அதன்மேல் நிமிர்ந்து நின்றது. குளிரில் தூங்குகிறவன் காலை இழுத்துக்கொள்வான். அப்படி.

சொட்டு. நடுவே அந்தச் சத்தம். சொட்டு. இப்போது அவளுக்கு அது என்ன என்று கேட்டது. முகத்தின்மேல் கிடந்த துணி உள்ளே குழிந்தது. மேலே உப்பியது. நெடுநேரம் கழித்து மறுபடி குழிந்தது. அதில் வாய் இருக்கும் இடம் நனைந்திருந்தது.

இருபத்தேழு.

கதவு அவளுக்கு நான்கு எட்டில் இருந்தது. ஓடலாம். ஓடினால் டாக்டர் வருவார், கையைப் பார்ப்பார், நம்பரைப் பார்ப்பார். தம்பிக்கு அந்த வீடு, அந்த வண்டி, அந்தக் குடியை விட்டால் வேறு என்ன தெரியும்? ஜெயிலில் ஒரு குளிர்காலம் தாங்க மாட்டான். அவள் ஓடவில்லை. மேஜைக்கு அருகில் வந்து, துணிக்குள் இருந்த முகத்தைப் பார்க்காமல், கையிடம் பேசினாள்.

"குடுத்துடுங்க," என்றாள். தன் குரல் இவ்வளவு மரியாதையாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

விரல்கள் திறந்தன. சுண்டுவிரல் கடைசியாக. உள்ளங்கையில் மஞ்சள் பட்டை கசங்கிக் கிடந்தது. அவள் எடுத்துக்கொண்டாள். எடுக்கும்போது அவள் விரல் அவர் உள்ளங்கையில் பட்டது. அது சூடாக இருந்தது. மூன்று நாளில் அவள் விரலுக்குத் தெரிந்த முதல் விஷயம் அதுதான்.

பட்டையைக் கோட்டுப் பையில் போட்டாள். வேலை முடிந்தது. மூன்று நாளாக எதற்காக உட்கார்ந்திருந்தாளோ, அது பையில் இருந்தது. நிம்மதி வரட்டும் என்று நின்றாள். வரவில்லை.

துணி நழுவியது. அவள் நழுவவிட்டாளா, அவர் தலையை அசைத்தாரா, தெரியாது.

கண்கள் திறந்திருந்தன. பிணத்தின் கண்ணை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இது அப்படி இல்லை. விளிம்பிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. உருகிய பனியாக இருக்கலாம். கண்மணிகள் மெள்ளச் சுற்றி வந்து, விளக்கைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, அவளிடம் வந்து நின்றன. உதடு அசைந்தது. முதலில் சத்தம் வரவில்லை. அப்புறம் வந்தது, தொண்டைக்குள் மணல் கிடப்பது போல.

"அக்கா... நீங்கதானா?"

அவர் அவளை விட இருபது வயது பெரியவர். அவள் தலையாட்டினாள்.

"தம்பி... சொன்னாரு. வருவீங்கன்னு."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. வந்து சேர்ந்துவிட்டார்கள் என்கிற ஆறுதல் இருந்தது. வெகு நேரம் காத்திருந்தவர்களின் முகத்தில் அது இருக்கும்.

முப்பத்தொன்று.

அவள் போனை எடுத்தாள். நர்ஸின் எண் அதில் இருந்தது. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. ஐந்து நிமிஷத்தில் கம்பளியும் ஸ்ட்ரெச்சரும் வந்துவிடும். ஐந்து நிமிஷத்தில் நர்ஸ் கேட்பாள்: மூன்று நாளாக இவரை எங்கே வைத்திருந்தீர்கள்? டாக்டர் கேட்பார்: ஐந்து என்று எழுதியது யார்? பிறகு இவர் சொல்வார். மறைத்துச் சொல்ல இவருக்கு ஒன்றும் இல்லை. யார் இடித்தது, யார் வருவதாகச் சொன்னது, யார் வந்தது. எல்லாவற்றையும் சொல்வார். நன்றியோடு சொல்வார்.

திரை வெளிச்சம் அணையும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குள் ஏதாவது ஒன்று, ஒரு அழுகையோ அலறலோ, மேலே வந்து தன் கையைப் பிடித்து அந்த எண்ணை அழுத்திவிடாதா என்று காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள். சுவருக்கு அப்பால் சண்டை நடந்துகொண்டேதான் இருந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை.

தலைக்கு மேலே, வெகு தூரத்தில், விமானத்தின் இரைச்சல் கேட்டது.

போனைப் பையில் போட்டாள். பட்டையின் பக்கத்தில்.

மூலையில் தரை கழுவுகிற வாளி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்து விளக்கைச் சுற்றிப் புகையாக நின்றது. முற்றத்தில் பனி இடுப்பளவு குவிந்து கிடந்தது. தம்பி போன வாரம் தள்ளிக் குவித்தது. கையுறை இல்லாமலே அள்ளினாள். வாளி நிறைந்தது.

அவர் காலடியில் கொட்டினாள். மறுபடி போனாள். முழங்கால்களைச் சுற்றி. மறுபடி போனாள். வயிற்றின்மேல். பனி கம்பளியில் பட்டு முதலில் உருகியது, தண்ணீர் மேஜையின் நாலு பக்கமும் ஓடியது. அப்புறம் உருகுவது குறைந்தது. அவள் உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்தினாள். முப்பது. இருபத்தொன்பது. மறுபடி முப்பது. ஏழு வாளி. எட்டு. கதவு திறந்தே கிடந்தது. மார்பின்மேல் வைத்ததும் அது ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. இன்னொரு வாளி.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். போகிறாள், வருகிறாள், குனிகிறாள். அவருடைய பற்கள் அடித்துக்கொண்டன. அவள் அவருடைய அக்குளுக்குப் பக்கத்தில் பனியைத் திணிக்கப் பார்த்தாள். கை உடம்போடு ஒட்டியிருந்தது, அவளுடைய மரத்த விரல்கள் உள்ளே நுழையவில்லை. இரண்டு தரம் முயன்றாள். முடியவில்லை.

அவர் அதைக் கவனித்தார். மெள்ள, பல்லைக் கடித்துக்கொண்டு, கையை உடம்பிலிருந்து விலக்கித் தூக்கி, அவளுக்கு இடம் விட்டுக் கொடுத்தார்.